முதல் குறையாத கொடை

(வண்டியூரில் இளைஞர் மன்றத்தாரும் ஊர்ப் பெரியவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சித்திரை முழுநிலவு நாளில் அழகர் வைகையில் இறங்கிய பிறகு எங்கே வருகிறார்? உங்கள் ஊருக்குத்தான் வருகிறார். அன்றிரவு வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலில் தங்குகிறார். மறுநாள் தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவரின் சாபத்தைத் தீர்க்கிறார். அழகர்கோயிலில் கிளம்பியதிலிருந்து மலைக்குத் திரும்பும்வரை அவர் நின்று போகும் மண்டகப்படிகள் நானூறுக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பமோ, ஒரு வணிகர் கூட்டமோ, ஒரு தெருவோ, ஓர் ஊரோ பொறுப்பு. பாட்டன் ஏற்றுக்கொண்டதைப் பேரன் செய்கிறான். செலவுக்கு வழியாக நிலத்தையோ கடை வாடகையையோ எழுதிவைத்துப் போனவர்கள் உண்டு. எழுதிவைத்தவர் முகத்தை இன்று பார்த்தவர் யாரும் இல்லை. ஆனாலும் அந்த நாள் வந்தால் பந்தல் எழுகிறது, பானகம் கரைகிறது, அழகர் நின்று போகிறார்.

ஆகவே நிலைத்த கொடை என்றால் என்னவென்று வண்டியூர்க்காரர்களுக்கு நான் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. நான் கேட்க வந்தது ஒரு கேள்வி. சாமிக்கு இவ்வளவு நேர்த்தியாகச் செய்யத் தெரிந்த நாம், நம் பிள்ளைகள் நடத்தும் மன்றங்களுக்கு அதே வழியில் ஏன் இன்னும் ஒன்றும் எழுதிவைக்கவில்லை?

நம் பகுதியில் தெருவுக்கு ஒரு மன்றம் இருக்கிறது. கபடி, சிலம்பம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலைப் பாடம், காவலர் தேர்வுக்கும் டிஎன்பிஎஸ்சிக்கும் கூடிப் படிக்கும் குழு, ரத்ததானம், கண்மாய்க் கரையில் மரக்கன்று. இவ்வளவும் எதை நம்பி நடக்கின்றன? வசூலை நம்பி. பொங்கலுக்கு முன் ரசீதுப் புத்தகம் அச்சாகிறது. பிள்ளைகள் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். வந்த பணம் போட்டி, கோப்பை, மைக்செட், பிளக்ஸ் என்று தை மாதத்திலேயே தீர்ந்துபோகிறது. ஆடியில் மன்றத்துக் கதவைத் திறந்து பாருங்கள். மின்கட்டணம் கட்டப் பணம் இருக்காது. பாடம் சொல்லிக்கொடுத்த பெண் வேலை கிடைத்துப் போயிருப்பாள். அடுத்தவருக்குப் போக்குவரத்துச் செலவாவது கொடுக்க வழி இருக்காது.

வசூலை நான் குறை சொல்லவில்லை. தெருவில் ஒவ்வொரு வீடும் ஐம்பது ரூபாய் கொடுத்தது என்றால், ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த மன்றம் சொந்தம். என் வருத்தம் வேறு. வசூல் போதாதபோது பிள்ளைகள் ஒரு பெரிய கையைத் தேடிப் போகிறார்கள். அவர் படம் பிளக்ஸில் ஏறுகிறது. அவர் வீட்டு விசேஷத்தில் பந்தி பரிமாறப் போகவேண்டியிருக்கிறது. தேர்தல் வந்தால் அவர் சொல்லும் கொடியைப் பிடிக்கவேண்டியிருக்கிறது. பத்தொன்பது வயதுப் பிள்ளை, ஒரு பந்துக்கும் ஒரு வலைக்கும் ஈடாகத் தன் விருப்பத்தை அடகு வைக்கிறான். கட்சியில் சேர்வது அவன் உரிமை. அதை அவனே யோசித்துச் செய்யவேண்டும். மன்றத்துக்கென்று யாரிடமும் கையேந்தாத வருமானம் கொஞ்சம் இருந்தால் அந்தப் பிள்ளை நிமிர்ந்து பேசுவான். நிலைத்த கொடை வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு முதல் காரணம் இதுதான்.

இந்த ஏற்பாடு நமக்கு எவ்வளவு பழையது என்று கொஞ்சம் பார்ப்போம். 9ஆம் நூற்றாண்டில் பாண்டிய மன்னர் வரகுண மகாராசர் அம்பாசமுத்திரத்துக் கோயிலுக்கு 290 காசு கொடுத்தார். யாரிடம் கொடுத்தார்? இளங்கோக்குடிச் சபையாரிடம். முதலைத் தொடக்கூடாது, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் என்று 580 கலம் நெல்லை வட்டியாக அளக்கவேண்டும், அந்த நெல்லில் அன்றாட வழிபாடு நடக்கவேண்டும். கல்லில் வெட்டியிருக்கிறது. திருச்செந்தூர்க் கோயிலுக்கு அவர் காலத்தில் வைத்த முதல் 1400 காசு. அதை ஒரே ஊரில் போடாமல் பல ஊர்ச் சபைகளிடம் பிரித்துக் கொடுத்தார்கள். ஓர் ஊரில் மழை பொய்த்தாலும் இன்னோர் ஊர் நெல் அளக்கும். இன்றைக்கு முதலீட்டு ஆலோசகர் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லும் புத்தி, ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் தாமிரபரணிக் கரையில் இருந்தது.

சோழ நாட்டுக் கல்வெட்டுகளில், அணையாது எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்குப் பெரும்பாலும் 96 ஆடு கொடை. ஆட்டை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கொடுக்கவேண்டும். கிழடானதைக் கழித்து, குட்டியைச் சேர்த்து, எண்ணிக்கை 96க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். சாவா மூவாப் பேராடு என்று அந்த மந்தைக்குப் பெயர். எண்ணாயிரம் என்ற ஊரின் கல்விச்சாலையில் முதலாம் ராஜேந்திரன் காலத்தில் 45 வேலி நிலத்தின் வருவாயில் 14 ஆசிரியர்களும் 340 மாணவர்களும் இருந்தார்கள். படிக்கும் இளைஞருக்கு அன்றாடச் சோற்றுக்கு அரிசி இத்தனை நாழி என்றுகூட அளந்து எழுதியிருக்கிறார்கள். அந்தப் படிப்பின் கதவு அன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கவில்லை. அவர்களிடமிருந்து ஏற்பாட்டை எடுத்துக்கொள்வோம். கதவை நாம் அகலத் திறப்போம்.

ஆட்டு மந்தைக்கு இருந்த ஒரு வலு நம் வங்கி வைப்புத்தொகைக்கு இல்லை. இதை நீங்கள் கவனமாகக் கேட்கவேண்டும். நெய் விலை ஏறினாலும் ஆடு நெய்யைத்தான் கொடுக்கும். ரூபாய் அப்படியில்லை. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் ரூபாயின் வாங்கும் திறன் பாதியாகிவிடும். 24 ஆண்டில் கால்வாசி. பள்ளிகளில் தாத்தா பெயரிலும் அப்பா பெயரிலும் 1960களில் 1000 ரூபாய் போட்டு, அதன் வட்டியில் முதல் மாணவனுக்குப் பரிசு என்று வைத்தார்கள். அன்று ஆயிரம் ரூபாய் பெரிய தொகை. இன்று 7 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 70 ரூபாய். அதில் ஒரு நல்ல பேனாகூட வராது. கொடுத்தவர் மனசு பெரிதாகத்தான் இருந்தது. வட்டி முழுவதையும் ஆண்டுதோறும் செலவழித்ததால் கொடை தேய்ந்துவிட்டது.

ஆகவே கணக்கை நேர்மையாகப் போடுவோம். மன்றத்துக்கு 10 லட்சம் ரூபாய் முதல் சேர்ந்தது, 7 சதவீதம் வட்டி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 70,000. விலைவாசி 4 சதவீதம் ஏறினால்கூட 40,000 ரூபாயை முதலோடு திரும்பச் சேர்த்தால்தான் முதல் தன் வலுவில் நிற்கும். கையில் எடுக்கக்கூடியது 30,000. 'இவ்வளவுதானா' என்று சிலர் முகம் சுருங்குவது தெரிகிறது. இந்த 30,000 அடுத்த ஆண்டும் வரும். இங்கே உட்கார்ந்திருக்கும் எவரும் இல்லாத ஆண்டிலும், அன்றைய விலைவாசிக்கு ஏற்ற தொகையாக வரும். மாலைப் பாடம் எடுப்பவருக்கு மாதாமாதம் பேருந்துச் செலவு, மின்கட்டணம், தேர்வுப் புத்தகம், பந்து என்று அடிப்படைச் செலவு நிற்காது. திருவிழாவுக்கும் போட்டிக்கும் வசூல் இருக்கவே இருக்கிறது.

கட்டடம் கட்டித் தருகிறேன் என்று வருபவர்களை நாம் தலைமேல் தூக்கி வைக்கிறோம். கல்வெட்டு, ரிப்பன், மாலை. கட்டடம் தேவைதான். அதற்குப் பின்னால் ஆண்டு வருமானம் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் கண்ணெதிரே சான்று இருக்கிறது. திருமலை நாயக்கர் 1645இல் வெட்டிய தெப்பக்குளம், ஏறத்தாழ ஆயிரம் அடிக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது அடி. நடுவே மைய மண்டபம், சுற்றிலும் கருங்கல். குறைவில்லாத வேலை. வைகையிலிருந்து நீர் கொண்டுவரும் வாய்க்கால் தூர்ந்ததும் அந்தக் குளம் ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடந்தது. இங்குள்ள தம்பிகளில் பாதிப்பேர் அதன் தரையில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள். சில ஆண்டுகளுக்கு முன் பனையூர்க் கால்வாயைச் சீரமைத்த பிறகுதான் குளத்தில் ஆற்றுநீர் நின்றது. கட்டடக் கொடை குளம். முதல் நிதி வாய்க்கால். குளத்தைக் கொடுப்பவர்கள் வாய்க்காலுக்கும் சேர்த்துக் கொடுக்கவேண்டும்.

இளைஞர் அமைப்புகளின் வரலாற்றிலும் இதைப் பார்க்கலாம். சாரணர் இயக்கத்துக்கு 1919இல் இங்கிலாந்தின் கில்வெல் தோட்டத்தை மெக்லாரன் என்ற ரப்பர் வணிகர் 7000 பவுண்டுக்கு வாங்கிக் கொடுத்தார். அங்கிருந்த வீடு பாழடைந்து கிடந்ததால், அதைச் சரிசெய்ய மேலும் 3000 பவுண்டு கொடுத்தார். இடத்தைக் கொடுத்ததோடு கை கழுவவில்லை. சென்னையில் 1914இல் அன்னிபெசன்ட் அம்மையார் இந்திய இளைஞர் சங்கத்தைத் தொடங்கினார். ஆர்மீனியன் தெருவில் கோகலே மண்டபம் எழுந்தது. ஹோம்ரூல் என்ற தன்னாட்சி முழக்கம் எழுந்த மேடை அது. அவ்வளவு பெருமை வாய்ந்த மண்டபம் நம் காலத்தில் சிதைந்து, இடிக்கும் நிலைக்கு வந்து, நீதிமன்றம் வரை போனது. நல்ல நோக்கமும் பெரிய பெயரும் கூரையைத் தாங்கிப் பிடிப்பதில்லை.

இனி உயிலுக்கு வருகிறேன். மேடையில் உயில் என்று சொன்னால் பெரியவர்கள் சிலருக்குப் பிடிப்பதில்லை. அபசகுனமாக நினைக்கிறார்கள். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு வாழும்போது பத்து லட்சம் கொடுக்க இயலாது. மருத்துவச் செலவு வருமோ, பிள்ளை கையை விரிப்பானோ என்ற அச்சம் நியாயமானது. தமக்குப் பிறகு ஒரு பங்கு என்று எழுத அநேகம் பேரால் முடியும். அப்படி எழுதிய இரண்டு பேர் கதையைச் சொல்கிறேன். இருவரும் ஏறக்குறைய ஒரே காலத்தவர்.

ஒருவர் பெஞ்சமின் பிராங்கிளின். அச்சுக்கூடத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். இளம் வயதில் நண்பர்கள் கொடுத்த கடனால் சொந்தத் தொழில் வைத்தவர். அந்த நன்றியில், 1789இல் தம் உயிலோடு ஒரு பின்னிணைப்பு எழுதினார். பாஸ்டன் நகருக்கு 1000 பவுண்டு, பிலடெல்பியாவுக்கு 1000 பவுண்டு. தொழில் பழகி முடித்த, இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட, மணமான இளைஞர்களுக்கு 5 சதவீத வட்டியில் கடன் கொடுக்கவேண்டும். நூறாண்டு கழித்து ஒரு பகுதியை நகரின் பொதுப்பணிக்கு எடுத்துக்கொண்டு, மீதியை இன்னொரு நூறாண்டு இப்படியே நடத்தவேண்டும். 1790இல் அவர் இறந்தார். 1990இல் கணக்கை முடித்தபோது பாஸ்டனின் பங்கு நாற்பது லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. பிலடெல்பியாவில் இருபது லட்சத்தை ஒட்டியிருந்தது. கொடுத்தவர் ஒருவர், கொடுத்த தொகையும் ஒன்று, காத்தவர்கள் வேறு. அந்த வித்தியாசம்தான் இரண்டு மடங்காக நின்றது. நடுவில் தொழில் பழகும் முறையே மாறிப்போனது. அவர் நினைத்த வகை இளைஞர்கள் அருகிப்போனார்கள். இருநூறு ஆண்டை முன்னால் பார்த்தவரால்கூட ஆலைகள் வரப்போவதைப் பார்க்க முடியவில்லை.

மற்றவர் நம் பச்சையப்ப முதலியார். 1754இல் தந்தையை இழந்த குழந்தையாகப் பிறந்து, பவுனி நாராயணப் பிள்ளையின் ஆதரவில் வளர்ந்து, ஆங்கிலேயருக்கு மொழிபெயர்த்து இடைநின்ற துபாஷாகிப் பெரும் பொருள் சேர்த்தவர். 1794 மார்ச் 22இல் உயில் எழுதினார். சில நாளில் திருவையாற்றில் காலமானார். வயது நாற்பதுதான். சொத்தில் பெரும்பகுதியைக் கோயில் கட்டளைகளுக்கும் அன்னதானத்துக்கும் வைத்தார். எழுதியது நன்றாகத்தான் எழுதினார். காக்கவேண்டியவர்கள் காக்கவில்லை. குடும்ப வழக்கு, நிர்வாகக் குளறுபடி, தலைமுறைத் தகராறு. அன்றைய சென்னை உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, 1832இல்தான் அறங்களுக்கு ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. அதற்குள் பணம் தேங்கிப் பெருகியிருந்தது. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் என்ற ஆங்கிலேயர், மிஞ்சிய தொகையை இளைஞர் கல்விக்குத் திருப்பப் பாடுபட்டார். 1842இல் பச்சையப்பன் பள்ளி தொடங்கியது. பின்னர் கல்லூரியானது. கணிதமேதை ராமானுஜன் அங்கே சிலகாலம் படித்தார். அண்ணா அங்கே படித்தார்.

1794க்கும் 1842க்கும் நடுவே 48 ஆண்டு. அந்த 48 ஆண்டில் சென்னையில் வளர்ந்த ஏழைப் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்கு எட்டவேண்டிய பணம் வழக்கு மன்றத்தில் கிடந்தது. பச்சையப்பர் கொடை கடைசியில் வென்றது என்று நாம் பெருமைப்படுகிறோம். எனக்கு அந்த 48 ஆண்டை நினைத்தால் மனசு ஆறுவதில்லை. கொடுக்கிறவர் நல்லவராக இருந்தால் மட்டும் போதாது. யார் காப்பார்கள், எப்படிக் காப்பார்கள், யார் கணக்குக் கேட்பார்கள் என்பதும் அன்றைக்கே எழுத்தில் இருக்கவேண்டும்.

பெரும் செல்வர்கள் கதையை மட்டும் சொல்லிப் போனால் நம்மூர்க் கைகளுக்கு நியாயம் செய்தவனாகமாட்டேன். விருதுநகரில் வணிகர்கள் சரக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பொது நிதி சேர்த்தார்கள். வீடுகளில் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்தார்கள். அந்த மகமையும் பிடியரிசியும் வளர்த்த சத்திரிய வித்யாசாலையில்தான் காமராசர் படித்தார். பின்னாளில் பள்ளிக்கூடத்தில் சோறு போட்டவர், பிடியரிசியில் வளர்ந்த பள்ளியின் பிள்ளை. உங்கள் பக்கத்தில், தெப்பக்குளக் கரையில், கருமுத்து தியாகராசர் 1949இல் கல்லூரி நிறுவினார். ஆலையில் ஈட்டியது பாடசாலைக்குப் போனது. இன்னும் பக்கத்தில் வருகிறேன். 2024 ஜனவரியில், யானைமலைக்கு அருகே கொடிக்குளத்தைச் சேர்ந்த ஆயி அம்மாள் என்கிற பூரணம், மறைந்த மகளின் நினைவாக ஒன்றரை ஏக்கர் நிலத்தை ஊர் அரசுப் பள்ளிக்கு எழுதிக்கொடுத்தார். ஏழு கோடி ரூபாய் பெறும் நிலம். நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாகட்டும் என்பது அவர் விருப்பம். வங்கியில் வேலை பார்க்கும் பெண்மணி. ஆலையோ கப்பலோ வைத்திருந்தவர் அல்லர். அந்தக் குடியரசு நாளில் முதலமைச்சரின் சிறப்பு விருது அவரைத் தேடி வந்தது.

தாய்மார்களிடம் இங்கே ஒன்று சொல்லவேண்டும். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், இந்துப் பெண்ணின் கையில் உரிமையோடு வந்த சொத்தை அவளுக்கே முழு உடைமையாக்கியது. சீதன நகையோ, சம்பாதித்து வாங்கிய மனையோ, யாருக்கு எழுதுவது என்று நீங்களே முடிவு செய்யலாம். பல வீடுகளில் அம்மாவின் நகையை அவர் காலத்துக்குப் பிறகு மகள்களும் மருமகள்களும் பங்கிடுவார்கள். அம்மாவை யாரும் கேட்பதில்லை. ஒரு வளையலையாவது உங்கள் விருப்பப்படி எழுதுங்கள். எழுதும்போது, இந்த நிதியில் பெண்பிள்ளைகளுக்குச் சரிபாதி என்று சேர்த்து எழுதுங்கள். நம் மன்றங்களில் பெண்பிள்ளைகளுக்கு இன்னும் கதவு பாதிதான் திறந்திருக்கிறது. பணம் கொடுப்பவர் நிபந்தனை வைத்தால் மீதிக் கதவும் திறக்கும். ஒரு தலைமுறை சண்டை போட்டு வாங்கவேண்டியதை ஒரு வரியில் வாங்கிவிடலாம்.

இனி சட்டக் காரியங்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

மன்றத்துத் தம்பிகளுக்கு முதல் வேலை, பதிவு. பதிவில்லாத மன்றத்துக்கு யார் என்ன எழுதிவைத்தாலும் அது தலைவர் பெயரிலோ செயலாளர் பெயரிலோ போய் நிற்கும். அவர் ஊரை விட்டுப் போனால் பணமும் கேள்விக்குறி. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கமாகப் பதியலாம். அல்லது அறக்கட்டளைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். பிறகு மன்றத்தின் பெயரில் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் வாங்குங்கள். வருமான வரித் துறையின் பதிவும், 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய வரிச்சலுகை அங்கீகாரமும் வாங்கினால் கொடுப்பவருக்கும் பயன் உண்டு. 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. காசோலையாகவோ வங்கி வழியாகவோ வாங்குங்கள்.

கொடுப்பவர், இந்தத் தொகை மூலதன நிதிக்கு என்று ஒரு கடிதம் எழுதித்தரவேண்டும். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் அது சாதாரண நன்கொடை, செலவாகிவிடும். மூலதனத்துக்குத் தனிக் கணக்கு வையுங்கள். தேசிய வங்கி வைப்பு, அஞ்சலகச் சேமிப்பு, அரசுப் பத்திரம் என்று சட்டம் அனுமதிக்கும் இடத்தில் மட்டும் போடுங்கள். கூடுதல் வட்டி தருகிறோம் என்று சொல்லிக் கவிழ்ந்த நிதி நிறுவனங்களை மதுரை ஒன்றுக்கு மேல் பார்த்திருக்கிறது. கைமாற்று வட்டிக்கு விடும் யோசனை யாராவது சொன்னால், அவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

உயில் எழுத முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாள் போதும். எழுதுபவர் சுயநினைவோடு கையெழுத்திடவேண்டும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திடவேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிந்தால் பின்னால் சண்டை குறையும். உயிர் உள்ளவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். 'நான் எழுதிவிட்டால் என் கையை விட்டுப் போய்விடுமோ' என்ற பயம் வேண்டாம். கையை விட்டுப் போவது தான செட்டில்மென்ட் பத்திரம். அதை எழுதிப் பதிவு செய்து ஒப்படைத்துவிட்டால் திரும்ப வாங்குவது கடினம். ஆகவே செட்டில்மென்ட் எழுதுபவர்கள், குடியிருக்கும் வீட்டை ஒருநாளும் எழுதாதீர்கள். கூட்டுக் குடும்பச் சொத்தில் உங்கள் பங்கை மட்டும்தான் உயிலால் எழுத முடியும். முஸ்லிம் பெருமக்கள் உயிலால் எழுதக்கூடியது பொதுவாக மூன்றில் ஒரு பங்கு. கிறித்தவ மக்களுக்கு, நெருங்கிய உறவினர் இருக்கும்போது அறத்துக்கு எழுதிவைப்பதில் பழைய சட்டம் வைத்திருந்த தடையை உச்ச நீதிமன்றம் 2003இல் நீக்கிவிட்டது. எல்ஐசி பாலிசியில் மன்றத்தின் பெயரை நாமினியாகப் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். நாமினி பணத்தை வாங்கிக் கொடுப்பவர், அந்தப் பணத்துக்கு உரிமை வாரிசுகளுக்கே என்று 1984இலேயே தீர்ப்பு இருக்கிறது; பின்னால் சட்டம் கொடுத்த விலக்கு நெருங்கிய குடும்பத்தாருக்கு மட்டும்தான். மன்றத்துக்கே சேரவேண்டுமென்றால் உயிலில் எழுதுங்கள், அல்லது பாலிசியை முறைப்படி மாற்றிக்கொடுங்கள்.

சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் நம் பிள்ளைகள் அனுப்ப விரும்பலாம். இந்தியக் குடிமகனாக இருந்தால் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாகத் தாராளமாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. மத்திய அரசின் தனிப் பதிவு இல்லாமல் மன்றம் அதைத் தொடக்கூடாது. ஆசையில் வாங்கிவிட்டுப் பிள்ளைகள் வழக்கில் மாட்டிக்கொள்ளக்கூடாது.

தலைமுறை தலைமுறையாகச் சொத்தைக் கட்டிவைக்க நம் சட்டம் பொதுவாக விடுவதில்லை. உங்கள் பேரனின் பேரனுக்குப் போகும்வரை யாரும் விற்கக்கூடாது என்று எழுதினால் செல்லாது. ஆனால் 1882ஆம் ஆண்டுச் சொத்துமாற்றுச் சட்டம் அறத்துக்கு மட்டும் அந்த விலக்கைத் தந்திருக்கிறது. கல்வி, சமயம், உடல்நலம், மக்களுக்குப் பயன்படும் வேறெந்த நோக்கமானாலும், என்றென்றைக்கும் என்று எழுதலாம். உங்கள் வம்சத்துக்குக் கொடுக்க முடியாத நிரந்தரத்தை இந்தத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியும்.

உயிலில் என்ன எழுதவேண்டும்? தொகையாக எழுதாமல் பங்காக எழுதுங்கள். 'ஐம்பதாயிரம்' என்று இன்று எழுதினால் இருபது ஆண்டில் அது தேய்ந்திருக்கும். கடன் கழிந்து மிஞ்சும் என் சுய சம்பாத்தியச் சொத்தில் பத்தில் ஒரு பங்கு என்றால் தேயாது. நோக்கத்தை அகலமாக எழுதுங்கள். 'கபடிக்கு' என்று எழுதினால் கபடி ஆடுவோர் இல்லாத காலத்தில் பணம் முடங்கும். பிராங்கிளினுக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரும். வண்டியூர் சுற்றுவட்டாரத்து இளைஞர், இளம்பெண்களின் கல்வி, உடற்பயிற்சி, தொழிற்பயிற்சி என்று எழுதி, கபடிக்கு முன்னுரிமை என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த மன்றம் இல்லாமல் போனால் அதே நோக்கமுள்ள வேறு எந்த அமைப்புக்குப் போகவேண்டும் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். எழுதியதைப் பிள்ளைகளிடம் உயிரோடு இருக்கும்போதே சொல்லுங்கள். பிள்ளைகளிடம் மறைத்த உயில்தான் பெரும்பாலும் நீதிமன்றம் போகிறது. 'அப்பா எங்களைவிட மன்றத்தை நேசித்தார்' என்று மகன் நினைக்கக்கூடாது. பத்தில் ஒன்பது அவனுக்குத்தான் என்பதை நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள்.

மன்றத்தாருக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். பெரியவர்களிடம் கொடை கேட்டுப் போவதற்கு முன், உங்கள் கடந்த மூன்றாண்டு வரவுசெலவைத் தெருவில் ஒரு பலகையில் எழுதி ஒட்டுங்கள். கணக்கு அழகாக இல்லாவிட்டாலும் ஒட்டுங்கள். நிதியைக் காக்கும் குழுவில் ஐந்து பேர் இருக்கட்டும். ஊர்ப் பெரியவர் ஒருவர், கணக்குத் தெரிந்தவர் ஒருவர், பழைய உறுப்பினர் ஒருவர், இப்போதைய உறுப்பினர் இருவர். அந்த இருவரில் ஒருவர் பெண். மூன்றாண்டுக்கு மேல் எவரும் தொடர்ந்து இருக்கவேண்டாம். முதலைத் தொடுவதற்குக் குழுவுக்கே உரிமை கிடையாது என்று விதியில் எழுதுங்கள். சித்திரைத் திருவிழா முடிந்த மறுவாரம் கணக்கைப் படியுங்கள். அந்த நேரத்தில் வெளியூர் போன பிள்ளைகளும் ஊரில் இருப்பார்கள்.

உயில், கடிதம் இரண்டுக்கும் மாதிரிப் படிவம் அச்சடித்து வாசல் மேசையில் வைத்திருக்கிறார்கள். ஆளுக்கொன்று எடுத்துப்போய் வீட்டில் உட்கார்ந்து படியுங்கள், வீட்டாரோடு பேசுங்கள். இன்றைக்கே யாரும் கையெழுத்துப் போடவேண்டாம். வழக்கறிஞர் ஒருவரும் தணிக்கையாளர் ஒருவரும் ஒன்பது மணிவரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கேள்வி உள்ளவர்கள் கேளுங்கள்.